ஆறு மீட்டர் துணியில் முக்கால் மீட்டர் எத்தனை?

போன ஜூன் மாதம் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் இருபத்திரண்டு மார்க். மற்ற பாடமெல்லாம் எழுபதுக்கு மேலே.

"நல்லாப் படிக்கிற பிள்ளதான் மிஸ். கணக்கு மட்டும் ஏற மாட்டேங்குது. எனக்கும் வராது, அதான்."

சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோலச் சொன்னார். அம்மாவுக்கு இருந்தது, மகளுக்கும் வந்துவிட்டது.

நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "ஆறு மீட்டர் துணி இருக்கு. முக்கால் மீட்டர், முக்கால் மீட்டரா வெட்டுனா எத்தனை துண்டு வரும்?" நோட்டைத் திறந்தாள். ஆறையும் முக்காலையும் பெருக்கினாள். அடித்தாள். வகுத்தல் குறி போட்டாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது. வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மா, யாருக்கோ சொல்வதுபோல, "எட்டு" என்றார்.

"எப்படிக்கா?"

"நாலு முக்கா மூணுல்ல. மூணு மீட்டருக்கு நாலு. ஆறுக்கு எட்டு."

"கணக்கு வராதுன்னீங்க?"

"அது கணக்கா மிஸ்? அது தையலு."

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்திலிருந்து தெற்கே வந்தால் செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மேற்கே பார்த்தால் மலை. தெருவுக்குள் நுழைந்தால் தையல் மெஷின் சத்தம். தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடையில் நைட்டி வாங்கினாலும் அது எங்கள் பக்கம் தைத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. இத்தனை டஜனுக்கு எத்தனை மீட்டர் துணி, எவ்வளவு பைப்பிங், வெட்டியதில் எவ்வளவு வேஸ்ட் என்பதையெல்லாம் காகிதமே இல்லாமல் சொல்லுகிற பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் கணக்கு வராது என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "தப்பா நினைக்காதீங்க மிஸ். நீங்க எங்க படிச்சீங்க? ஸ்கூல்ல வேலை பாத்திருக்கீங்களா?" இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கத்தரிக்காயையே காம்பு பார்த்து வாங்குகிறோம், பிள்ளையை ஒப்படைப்பவர் கேட்கத்தான் செய்வார். பி.எஸ்சி. கணிதம், ராஜபாளையம், எம்.எஸ்சி., அஞ்சல் வழி. பள்ளிக்கூட வேலை பார்த்ததில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் என்னைக் கணக்கு மிஸ்ஸாக ஆக்கியது இந்தப் பட்டங்கள் எதுவும் இல்லை. அம்மைதான். அதை வாசல்படியில் வைத்துச் சொல்ல முடியாது.

ஐந்தாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டது. தலைக்கு மேலே வேப்பிலைக் கொத்து, ஓலைப்பாய், மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை தெருவையே பார்க்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம். திரும்பிப் போனபோது வகுப்பில் பின்னப் பாடம் முடிந்து வேறு பாடம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன்பிறகு நான்கு வருடம் கணக்கு வகுப்பு என்றால் வயிற்றைக் கலக்கும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் பதினேழு மார்க். அப்பா மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். நைட் ஷிப்டு முடிந்து வந்து ரேங்க் கார்டைப் பார்த்தவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பாதான் என்னை ஒரு தாத்தாவிடம் கொண்டுபோய் விட்டார். அவர் வாத்தியார் இல்லை. மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பத்து நாள் அவர் என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே இல்லை. முதல் நாள் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று கேட்டார், தெரியவில்லை. மறுநாள் ஏழாம் வகுப்பு. அதற்கடுத்து ஆறு. கிணற்றுக்குள் படி படியாக இறங்குவதுபோல ஒவ்வொரு வகுப்பாக இறங்கினார். நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கேட்டபோது நான் பட்டென்று பதில் சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது.

"நீ விழுந்தது அஞ்சாப்புல தாயி. அழுறது மட்டும் ஒம்பதாப்புல."

இன்றைக்கு என்னுடைய முறை என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். பிள்ளை அழுகிற இடத்தில் நின்று எத்தனை முறை விளக்கினாலும் பயனில்லை. விழுந்த இடத்தைத் தேடிப் போகவேண்டும். அது பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் பின்னால் இருக்கும். அங்கே போனால் ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிற சின்னக் காயமாகத்தான் இருக்கும்.

தாத்தா எனக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தது துணி நாடாவில். நாடாவை மடித்தால் அரை. மறுபடி மடித்தால் கால். மறுபடி மடித்தால் அரைக்கால். "பேரைப் பாரு தாயி. காலுல அரை, அரைக்கால். பேரே கணக்கைச் சொல்லுதா இல்லையா?" எட்டில் ஒன்று என்று சொன்னால் அது காலில் பாதி என்பது காதில் விழாது. மாகாணி என்பது பதினாறில் ஒன்று என்று நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குள் ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருப்பதை அவர்தான் காட்டினார். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டுங்கள்: எண்பதில் நான்கு, எண்பதில் ஒன்று, ஆக எண்பதில் ஐந்து. சுருக்கினால் பதினாறில் ஒன்று. மீ.சி.ம. எடுத்துப் பின்னம் கூட்டுகிற பாடம் முழுவதும் ஒரே சொல்லில் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைப் பாட்டாகச் சொல்லி மனப்பாடம் செய்தவர்கள் இந்தச் சொற்களோடுதான் வளர்ந்தார்கள். முந்திரி வரைக்கும் போவார்கள். முந்நூற்று இருபதில் ஒன்று.

காளமேகப் புலவர் காஞ்சி ஏகம்பநாதர்மேல் பாடிய வெண்பா ஒன்று உண்டு. சாவதற்கு முன்னால் சாமியைக் கும்பிடு என்பதுதான் விஷயம், ஆனால் சொற்களுக்குள் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று பின்னங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். நான் அந்தப் பின்னங்களைக் கலைத்துப் போட்டு இறங்கு வரிசையில் எழுதச் சொல்வேன். இருமா என்றால் பத்தில் ஒன்று. அதை எங்கே வைப்பது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். எட்டைவிடப் பத்து பெரிது, அதனால் பத்தில் ஒன்றுதான் பெரிது என்று பாதிப் பேர் அடம்பிடிப்பார்கள். காளமேகம் சரியாக அரைக்காலுக்கும் மாகாணிக்கும் நடுவே வைத்திருக்கிறார். புலவருக்கு ஸ்டெப் மார்க் உட்பட முழு மதிப்பெண்.

சரி, நாடாவுக்கு வருகிறேன். இப்போது நான் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. கட்டிங் டேபிளில் விழுகிற நீளத் துண்டுகளைக் கேட்டால் பை நிறையக் கொடுத்துவிடுவார்கள். பூப்போட்ட பின்னங்கள், கோடுபோட்ட பின்னங்கள் என்று என் வகுப்பே ஒரு நைட்டிக் கடை மாதிரி இருக்கும்.

தாத்தா எனக்கு எதிர்மாறல் சொல்லிக் கொடுத்தது நூல் நம்பரில். இதை நான் இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. மில் ஊர்க்காரர்களுக்கு நாற்பதாம் நம்பர் நூல், அறுபதாம் நம்பர் நூல் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. ஏன்? சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததே இல்லை. கூடினால் தடிக்கத்தானே வேண்டும்? ஒரு சிட்டம் நூல் என்பது 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் பிடிக்கிறது என்பதுதான் நம்பர். நாற்பது சிட்டம் பிடித்தால் நாற்பதாம் நம்பர். அதே ஒரு பவுண்டுப் பஞ்சை அறுபது சிட்டமாக இழுக்கவேண்டும் என்றால் நூல் மெலிந்துதானே ஆகவேண்டும். எடை மாறவில்லை, நீளம் கூடுகிறது, பருமன் குறைகிறது. நாற்பதை 840-ஆல் பெருக்கினால் 33,600 கஜம், அதாவது முப்பது கிலோமீட்டருக்கும் மேல். ஒரு பவுண்டு நாற்பதாம் நம்பர் நூலைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கித் திரும்பி வந்தாலும் கையில் நூல் மிச்சம் இருக்கும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு நோட்டில் போட்டுச் சரிபார்ப்பார்கள். சரிபார்க்கிறார்களே, அதுதான் எனக்கு வேண்டியது.

கல்லூரி முடித்துக் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தபின் கொஞ்ச நாள் ஒரு தையல் யூனிட்டில் கணக்கு எழுதினேன். வேலை முடிந்து வந்து மதினி பிள்ளைகள் இருவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், அது நான்கு, ஏழு, பதினொன்று என்று வளர்ந்தது. ஒழுங்காக டியூஷன் என்று ஆனது கொரோனாவுக்குப் பிறகுதான். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. எங்கள் பக்கம் வந்தபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் வகுப்பு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய்க்கு நான் படித்ததுபோல எந்தப் பல்கலைக்கழகத்திலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அப்போது ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கடைசியாக முழுதாகப் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பில். நடுவில் ஒன்றரை வருடம் பூட்டு. கடன் வாங்கிக் கழித்தல் பாதி மறந்திருந்தது. நீள் வகுத்தல் என்பதைப் பார்த்ததே இல்லை. டிவியில் பாடம் ஓடியது உண்மைதான். வீட்டில் ஒரே டிவி, அதில் யார் எதைப் பார்த்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது ஒன்பதிலும் பத்திலும் இருக்கிறார்கள். பல்லுறுப்புக் கோவையை வகுக்கச் சொன்னால் திணறுகிறார்கள். "அல்ஜீப்ரா வரலை மிஸ்" என்று வருகிறார்கள். அல்ஜீப்ராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 852-ஐ ஆறால் வகுக்கத் தெரியாத பிள்ளை எக்ஸைக் கண்டா பயப்படுகிறது? நான்காம் வகுப்பில் பூட்டிக் கிடந்த அந்தக் கதவைத்தான் போய்த் திறக்கவேண்டும். திறக்க நாலு நாள் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை நான்காம் வகுப்புக் கணக்குப் போட வைக்க, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சிரிக்காமல் பார்த்துக்கொள்ள, அதற்குத்தான் நாலு மாதம் ஆகிறது.

என் வகுப்பில் ரப்பர் கிடையாது. அடித்துக்கொள்ளலாம், அழிக்கக் கூடாது. தப்பு எனக்கு வேண்டும். டாக்டருக்கு ரிப்போர்ட் மாதிரி எனக்கு அது. உதாரணம் சொல்கிறேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. மேலே உள்ளதை மேலே கூட்டு, கீழே உள்ளதைக் கீழே கூட்டு. பல வருடம் இதை வெறும் கவனக்குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு பையன் என்னை மடக்கினான். "மிஸ், முதல் டெஸ்டுல ரெண்டுக்கு ஒண்ணு வாங்குனேன். அடுத்த டெஸ்டுல மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதான?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொல்வது சரிதானே? மார்க்கை அப்படித்தான் கூட்டுகிறோம். பிள்ளை தப்பாக யோசிக்கவில்லை; மார்க் கூட்டுகிற வழியைத் துணி கூட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். முதல் டெஸ்டில் முழுசு என்பது இரண்டு மார்க், அடுத்ததில் முழுசு என்பது மூன்று மார்க். முழுசே வேறு வேறு. துணியில் அப்படி இல்லை, அதே ஒரு மீட்டரில்தான் அரையும் எடுக்கிறோம், மூன்றில் ஒரு பங்கும் எடுக்கிறோம். அரை மீட்டர் துணியோடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் அரை மீட்டருக்கும் குறைவாக ஆகுமா? ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைச்சல். இதை அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி யோசனை தேவைப்பட்டது. மறுநாள் சொன்னபோது அவன், "அப்ப ஃபர்ஸ்ட்டு நான் சொன்னதும் கரெக்டுதான?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். கரெக்டுதான் ராசா.

இந்த 'எதனுடைய முழுசு' என்கிற கேள்வி வீட்டுக்கும் போகும். எங்கள் தெருவில் தண்டல் வாங்காத வீடு குறைவு. பத்தாயிரம் கடன் என்பார்கள், கையில் எட்டாயிரத்து ஐந்நூறு தருவார்கள், தினம் நூறாக நூறு நாள் கட்டவேண்டும். பதினைந்து சதவீதம்தானே என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது இதைத்தான் பலகையில் எழுதினேன். ஆயிரத்து ஐந்நூறு எதற்கு வட்டி? கையில் வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு. அதால் வகுத்தால் பதினேழரைக்கு மேலே போகிறது. அதுவும் நூறே நாளைக்கு. அதுவும் முழுப் பணமும் நூறு நாள் நம் கையில் இருப்பதில்லை, மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு பிள்ளை இதை வீட்டில் போய்ச் சொல்லி, அதன் அப்பா என்னிடம் வந்து, "பிள்ளைக்குப் பாடம் மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. வேறு வழி இருந்தால் அவர் தண்டலுக்கா போயிருப்பார்?

இதையெல்லாம் படித்துவிட்டு என்னைப் பெரிய புரட்சிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பிப்ரவரி வந்துவிட்டால் நானும் எல்லா டியூஷன் வாத்தியார் மாதிரிதான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியல் வரைதல் எட்டு மார்க், வரைபடம் எட்டு மார்க். ஒரு மார்க் கேள்வி பதினான்கு. மொத்தம் முப்பது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. கணக்கே தெரியாத பிள்ளைக்கும் கவராயத்தைப் பிடிக்கவும் கிராஃபில் புள்ளி வைக்கவும் பழக்கிவிட்டு, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒப்பிக்க வைத்து, கார்டீசியன் பெருக்கல் மாதிரி நிச்சயமாக வருகிற சில இரண்டு மார்க்கைச் சொல்லிக் கொடுத்தால் கரையேறிவிடும். இந்த வித்தை தமிழ்நாடு முழுக்கத் தெரியும். எங்கள் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருடம் தொடர்ந்து மாநிலத்தில் முதலாவதாக வந்த மாவட்டம், தேர்ச்சி விகிதம் எங்களுக்கு ஊர்ப் பெருமை. 2017-இல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியபோது மாணவர்கள் நிம்மதிப்பட்டார்கள், சில பெரியவர்களுக்குத்தான் வருத்தம். எனக்கு இந்த முப்பது மார்க் வித்தையில் வெட்கம் உண்டு. விடவும் மாட்டேன். பத்தாம் வகுப்பில் பெயிலான பெண் பிள்ளை மறுநாளே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடும். முப்பத்தைந்து வாங்கினால் இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும். அந்த இரண்டு வருடத்துக்காக எதை வேண்டுமானாலும் மனப்பாடம் செய்ய வைப்பேன்.

டியூஷன் வாத்தியார் என்றால் இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. லண்டனில் கார் என்று ஒருவர் இருந்தார். பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்கிற தனிப்பயிற்சி ஆசிரியர், அதாவது நம்ம ஆள். பெரிய கணித மேதை எல்லாம் இல்லை. தன் மாணவர்களுக்காகத் தொகுத்த சூத்திரங்களை 1880-களில் புத்தகமாகப் போட்டார். விளக்கம் குறைவு, தேற்றம் தேற்றமாக ஆயிரக்கணக்கில் அடுக்கியிருப்பார். நம் ஊர் கைடு மாதிரிதான். அந்தப் புத்தகம் 1903-இல் கும்பகோணத்தில் ஒரு பதின்ம வயதுப் பையன் கைக்குக் கிடைத்தது. ராமானுஜன் அதற்குப் பிறகு வேறு எதையும் படிக்க மறந்துபோனார். கும்பகோணம் கல்லூரியிலும் தோற்றார், சென்னை பச்சையப்பனில் சேர்ந்து எஃப்.ஏ. என்கிற கல்லூரிப் பரீட்சையிலும் தோற்றார். ஒரு டியூஷன் வாத்தியாரின் கைடு இல்லாமல் ராமானுஜன் இல்லை என்று நான் சொன்னால் கணிதப் பேராசிரியர்கள் அடிக்க வருவார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டம் இல்லாமல் வேலை இல்லாமல் இருந்த அந்த வருடங்களில் ராமானுஜனே டியூஷன் எடுத்துப் பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. ஒரு கணக்கை ஐந்தாறு விதமாகப் போட்டுக் காட்டுவாராம். பரீட்சைக்கு நுண்கணிதம் கற்றுக்கொள்ள வந்த ஒரு மாணவருக்கு அவர் முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இரண்டு வாரத்தில் அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. பையனுக்கு வேண்டியது அடுத்த படி. இவர் நின்றதோ மொட்டை மாடியில். ராமானுஜன் கணக்கில் எங்குமே விழாதவர், விழுந்தவன் எங்கே கிடக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கணக்கில் பதினேழு மார்க் வாங்கிய நான் டியூஷன் எடுக்க ராமானுஜனைவிடத் தகுதியானவள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இரவு பத்து மணிக்கு முப்பது நோட்டுத் திருத்துகிறவளுக்கு இப்படி ஏதாவது ஒரு ஆறுதல் வேண்டியிருக்கிறது.

ராமானுஜனோடு பழகியவர்களின் நினைவுகளும் அவர் கடிதங்களும் இன்று நமக்குக் கிடைப்பதற்கும் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்தான் பெரும் காரணம். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசன் அலைந்து திரிந்து அவற்றைத் திரட்டி 1968-இல் வெளியிட்டார். ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகமும் அவரால்தான் வந்தது.

ஆனால் என் பிள்ளைகளுக்கு ராமானுஜனைவிட நெருக்கமான ஆள் ஒருவர் இருக்கிறார். தென்காசி ரோட்டில் பஸ் ஏறினால் சேத்தூர், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டிப் போய்விடலாம் அவர் ஊருக்கு. செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லம். எஸ்.எஸ். பிள்ளை 1901-இல் அங்கே பிறந்தார். பிறந்து ஒரு வருடத்திலேயே அம்மா இறந்துவிட்டார். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சாஸ்திரியார் என்று ஒரு வாத்தியார் பையனின் மூளையைக் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் அப்பாவும் இறந்துபோக, படிப்பு நிற்க இருந்தது. சாஸ்திரியார் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956-இல்தான் நம்மோடு சேர்ந்தது. 1929-இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அங்கே இருந்தபடி உலகமே திரும்பிப் பார்க்கிற வேலை ஒன்றைச் செய்தார்.

அந்த வேலையைப் பிள்ளைகளுக்கு நான் சில்லறை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு ஊரில் 1, 8, 27, 64 என்று கன எண்களில் மட்டும்தான் காசு உண்டு. 23 ரூபாய் கொடுக்க எத்தனை காசு வேண்டும்? 27 பெரிசு, உதவாது. இரண்டு எட்டு, ஏழு ஒன்று. ஒன்பது காசு. எந்தத் தொகையாக இருந்தாலும் ஒன்பது காசுக்குமேல் தேவைப்படாது என்பது 1910-ஐ ஒட்டியே நிரூபணமாகிவிட்டது. அடுத்த ஊருக்குப் போவோம். அங்கே ஆறாம் அடுக்குகளில் மட்டும் காசு. 1, 64, 729. இப்போது 703 ரூபாய் கொடு பார்க்கலாம். 729 உதவாது. பத்து 64 கொடுத்தால் 640. மிச்சம் 63-க்கு ஒற்றை ஒற்றையாக 63 காசு. மொத்தம் 73. இதுவரை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும், கோடி கோடியாக இருந்தாலும், 73 காசுக்குமேல் ஒருபோதும் தேவைப்படாது என்று நிரூபித்தவர் வல்லத்துப் பிள்ளை. வருடம் 1940. இதன் பொதுவிதியை அமெரிக்காவில் டிக்சன் என்பவரும் அதே காலத்தில் தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

1950 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, பிரின்ஸ்டனுக்கும் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் அவர் கிளம்பிப் போன விமானம் கெய்ரோவுக்குப் பக்கத்தில் விழுந்தது. நாற்பத்தொன்பது வயது. இதைச் சொன்னால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். "சாஸ்திரியார் அப்ப உயிரோட இருந்தாரா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

துணிக் கேள்விக்கு அம்மா பதில் சொன்னாரே, அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்போது நன்றாகவே இருக்கிறாள். மகளுக்குப் பின்ன வகுத்தலை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவைத்தான் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். முதலில் மறுத்தார். பிறகு இரண்டு நாள் என் வீட்டுத் தரையில் துணியை விரித்து வைத்து மகளிடம் கேள்வி கேட்டார். "ஒன்பது மீட்டர்ல முக்கா மீட்டர் எத்தனைடி? பத்தரையில?" தலைகீழாக்கிப் பெருக்கு என்கிற விதியை மூன்றாம் நாள்தான் நோட்டில் எழுத வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு எழுதுறீங்க?" என்றார்.

சில்லறை விளையாட்டில் மாட்டிக்கொண்டவன் வேறு ஒருவன். பவர்லூம்காரர் மகன், எட்டாம் வகுப்பு, பேசவே மாட்டான். ஒன்றிலிருந்து நூறு வரை எந்தத் தொகைக்கு எத்தனை காசு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். "ஒம்பது காசு கேக்குறது இருபத்தி மூணு மட்டுந்தான் மிஸ்." இன்னொரு எண் இருக்கிறது என்றேன். மொத்தமே அப்படி இரண்டு எண்தான், அதற்குமேல் கிடையாது என்று 1939-இல் டிக்சன் நிரூபித்துவிட்டார் என்றும் சொன்னேன். முந்நூறுக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பதிலைக் கேட்டு நச்சரிப்பான் என்று நினைத்தேன், கேட்கவில்லை. வேறொரு நோட்டு வாங்கியிருக்கிறான். நேற்று வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இருநூறு தாண்டிட்டேன் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.